சினிமா படிக்க எங்கே சேருவது? தோட்டத்துப் பிள்ளைகளுக்காக எழுதியது

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணே, படம் எடுக்கப் படிக்கணும், இந்த இடம் நல்லமா, அந்த இடம் நல்லமா?" கேட்கும் பிள்ளை ஹட்டனாக இருக்கும், மஸ்கெலியாவாக இருக்கும், பண்டாரவளைக்குப் பின்னால் ஏதோ ஒரு டிவிஷனாக இருக்கும், பக்கத்தில் நின்று அம்மா "என்னா சொல்றாங்க" என்று கேட்பதும் காதில் விழும். நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போது கொழும்பில் எடிட்டிங் வேலை பார்ப்பவன். பத்து நிமிடப் பேச்சில் இதைச் சொல்லி முடிக்க முடிவதில்லை, பாதியில் சிக்னல் போய்விடுகிறது, அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

கல்லூரிகளின் பெயர்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு இரண்டு எண்களைத் தேடுங்கள். அங்கே படித்து முடிக்கும்போது உங்கள் கையால் எத்தனை படம் முடிந்திருக்கும் என்பது ஒன்று. வெளியே வரும் நாளில் வீட்டுக்கு எவ்வளவு கடன் இருக்கும் என்பது மற்றது. கட்டடம், விளம்பரத்தில் வரும் நடிகர், தொப்பி போட்ட பட்டமளிப்புப் படம் எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான். நான் சேர்ந்த காலத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் என்ன நடந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. "சினிமா படிக்கணும்" என்றால் அதில் எதை? இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, கலை இயக்கம் எல்லாம் வெவ்வேறு தொழில்கள், பெரிய பயிற்சி நிறுவனங்களில் இவற்றுக்குத் தனித்தனியாகவே விண்ணப்பிக்க வேண்டும். கேட்டால் அநேகமாக எல்லோரும் இயக்கம் என்றுதான் சொல்கிறார்கள், ஏனென்றால் தொலைக்காட்சியில் பேட்டி கொடுப்பது இயக்குநர். ஆகவே சேருவதற்கு முன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு போனிலேயே மூன்று நிமிடப் படம் ஒன்று செய்யுங்கள். வசனம் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், கதை நாம் குடியிருக்கும் லயத்தை விட்டு வெளியே போகவும் வேண்டாம். விடியற்காலையில் அம்மா கொழுந்துக் கூடையோடு கிளம்புவது போதும், பீலியில் தண்ணீருக்கு நிற்கும் வரிசை போதும். எடுத்து, வெட்டி, ஒலி சேர்த்து, முடித்து நாலு பேருக்குக் காட்ட வேண்டும். முடிக்காத படம் கணக்கில் வராது. எடிட்டிங்குக்குக் கணினி கிடைத்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம், கிடைக்காவிட்டால் போன் செயலியே போதும்.

இந்த ஒரு மாதம் உங்களைப் பற்றி உங்களுக்கே நிறையச் சொல்லிவிடும். டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் கமராவில் வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் வினாடியில் ஐம்பதில் ஒன்று என்று வைத்தால் கோடு போய்விடும். இதைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது உங்களுக்கு ஒரு குஷி வந்தால் ஒளிப்பதிவுப் பக்கம் யோசியுங்கள். தகரக்கூரையில் மழை விழுந்தால் வசனம் ஒரு சொல் கேட்காது, எல்லோருக்கும் எரிச்சல் வரும், ஆனால் சில பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று போனை எங்கே வைத்தால் பேச்சும் மழையும் இரண்டுமே நன்றாக விழும் என்று பார்க்கத் தொடங்குவார்கள். அவர்கள் ஒலி படிக்க வேண்டியவர்கள், அந்தத் துறைக்குப் போட்டியும் குறைவு, தேவையும் அதிகம். எனக்கு எடிட்டிங்தான் தொழில் என்று தெரிந்தது இப்படித்தான்: படப்பிடிப்பு அன்று தலைவலி, வெட்ட உட்கார்ந்த இரவு மட்டும் பசியே தெரியவில்லை. இப்படி மூன்று படம் செய்து வைத்திருந்தால் நேர்முகத் தேர்வுக்குக் கையில் கொண்டுபோகவும் ஏதாவது இருக்கும்.

சரி, இனி இடங்கள்.

அரச பல்கலைக்கழகத்தை முதலில் பாருங்கள், ஏனென்றால் அங்கே படிப்புக்குக் கட்டணம் இல்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் திரைப்படமும் தொலைக்காட்சியும் என்று நேரடியாகவே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாளி வளாகம் ஹொரணையில், 1934ல் தாகூர் அடிக்கல் நாட்டிய இடம் அது, அங்கே வெகுசன ஊடகமும் அரங்கேற்றக் கலைகளும் படிக்கலாம். நம் மொழியில் நெருங்கி வருவது என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஊடகக் கற்கைகள், திருகோணமலை வளாகத்தின் தொடர்பாடல் கற்கைகள், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் நாடகமும் அரங்கியலும், அங்கேயே கட்புலத் தொழில்நுட்பக் கலைகள். கடைசியாகச் சொன்ன இரண்டையும் "அது சினிமா இல்லையே" என்று தள்ளிவிடாதீர்கள். நடிகரோடு எப்படி வேலை செய்வது, ஒரு சட்டகத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பது கமரா வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது, அதை ஒழுங்காகச் சொல்லித்தருவது அரங்கமும் ஓவியமும்தான்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி முழுவதும் வாசியுங்கள், ரியூஷன் சேர் சொன்னார், அக்கா சொன்னாள் என்று நிற்க வேண்டாம். ஒவ்வொரு பாடநெறிக்கும் உயர்தரத்தில் என்ன பாடங்கள் வேண்டும், எந்த மொழியில் நடக்கிறது, உளச்சார்புப் பரீட்சை, அதாவது அந்தத் துறைக்கு உங்களுக்கு நாட்டம் இருக்கிறதா என்று பார்க்கும் தனிப் பரீட்சை, உண்டா என்று அதில் இருக்கும். இந்த உளச்சார்புப் பரீட்சையில்தான் நம் பிள்ளைகள் நிறையப் பேர் தவறிப்போகிறார்கள், பரீட்சையில் அல்ல, விண்ணப்பிப்பதில். ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டோம், வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இந்த மாதிரிப் பாடநெறிகளுக்குச் சம்பந்தப்பட்ட பல்கலைக்கழகத்துக்குத் தனியாக இன்னொரு விண்ணப்பம் போட வேண்டும், அதற்குத் தனித் திகதி, அது சில வேளை பத்திரிகையிலும் அவர்களுடைய இணையதளத்திலும் மட்டும் வந்து போய்விடும். பரீட்சையில் சித்தி பெற்றாலும் உயர்தரப் பெறுபேற்றில் வரும் இசட் புள்ளி போதாவிட்டால் இடம் இல்லை, இசட் புள்ளி இருந்தாலும் பரீட்சை எழுதாவிட்டால் இடம் இல்லை. இரண்டும் வேண்டும். அப்புறம் விருப்ப வரிசை: உண்மையிலேயே போக விரும்புவதை மேலே போடுங்கள். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதை யாரும் பார்க்கப்போவதில்லை, ஒரு தடவை பதிவுசெய்துவிட்டால் பிறகு மனம் மாறி மறுபடி விண்ணப்பிப்பதும் முடியாது.

மொழியைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். களனியும் ஹொரணையும் சிங்களச் சூழல். ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலும் நுவரெலியாக் கடையிலும் பேசிப் பழகிய சிங்களம் நமக்கு இருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை, கொழும்பில் வேலை தேடும்போது எனக்குச் சோறு போட்டதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் பேசுவது வேறு, பரீட்சையில் ஆறு பக்கம் எழுதுவது வேறு. உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்: ஒரு சிங்களப் பத்திரிகையை எடுத்து கலைப் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள், வாசித்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். முடிந்தால் பயப்படாமல் போங்கள், இந்த நாட்டுப் படத்துறை பெரும்பாலும் இயங்குவது அந்த மொழியில், வகுப்பில் இருக்கும் இருபது பேர் நாளைக்கு உங்களை வேலைக்குக் கூப்பிடப்போகிறவர்கள். முடியாவிட்டால் தமிழில் படித்து, பக்கத்தில் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் வளர்த்துக்கொள்வதுதான் புத்தி. புரியாத விரிவுரையில் உட்கார்ந்து, கமராவைத் தொட வேண்டிய நேரத்தில் மொழிபெயர்ப்புக் குறிப்பு தேடி அலைந்த ஒரு கெட்டிக்காரப் பையனை எனக்குத் தெரியும், அவன் இரண்டாம் வருடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டான். அது அவன் குற்றம் இல்லை.

கட்டணம் இல்லை என்றாலும் செலவு உண்டு. விடுதி எல்லா வருடமும் கிடைக்குமா, போர்டிங் என்றால் மாதம் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, முக்கியமாக மாணவர் படத்துக்கு யார் காசு போடுவது என்று அங்கே படிக்கும் ஒருவரிடம் கேளுங்கள். மகாபொல உதவித்தொகை கிடைத்தாலும் அது கைச்செலவுக்குத்தான் காணும். பெற்றோர் தோட்டத் தொழிலாளர் என்றால் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியத்தின் உதவித்தொகை அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள், கண்டியில் இருக்கும் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் அதை நடத்துகிறது, உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கு என்றே உள்ளது.

இனி கொழும்பில் இருக்கும் தனியார் இடங்கள். இங்கேதான் நான் அகப்பட்டேன். எனக்கு இசட் புள்ளி காணவில்லை, ஒரு வருட டிப்ளோமா ஒன்றுக்குப் போனேன், இடத்தின் பெயர் வேண்டாம். அம்மா ஓய்வு பெற்றபோது வந்த சேமலாப நிதியில் பெரும்பகுதி அதற்குப் போனது. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய கமரா வைத்திருந்தார்கள், அதைப் பார்த்ததும் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வகுப்பில் இருபத்தெட்டுப் பேர், வெளியே எடுத்துக்கொண்டு போக ஒரே ஒரு கமரா, அதுவும் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது அல்ல. ஒரு வருடத்தில் நான் கமராவைக் கையில் பிடித்தது நாலு நாள். முடித்த படம் ஒன்று, அதுவும் ஏழு பேர் சேர்ந்து. நான் தொழில் படித்தது அதற்குப் பிறகு, ஒரு ஸ்டூடியோவில் கலியாண வீடியோ வெட்டித்தான். அந்தக் காசை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. அது அம்மாவின் இருபத்தேழு வருடக் கொழுந்து.

அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அறிமுக நாள் அன்று போகாதீர்கள், அன்று எல்லாமே மினுங்கும். சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் போங்கள். ஆலோசகரிடம் பேசுவதற்கு முன் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, இரண்டாம் வருடத்தில் படிக்கும் யாரிடமாவது கேளுங்கள்: "இதுவரைக்கும் நீங்க எத்தனை படம் முடிச்சீங்க? கமரா எத்தனை நாளைக்கு ஒரு தடவை கைக்கு வருது? எடிட்டிங் அறை ராத்திரி திறந்திருக்குமா?" உள்ளே போனதும் மாணவர் படம் காட்டச் சொல்லுங்கள். பரிசு வாங்கிய ஒன்றைப் போடுவார்கள், அதைப் பார்த்துவிட்டு, போன வருடம் முடித்த வகுப்பின் எல்லாப் படங்களையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எங்கே இருந்தாலும் நல்ல படம் எடுக்கும், நடுத்தரப் பிள்ளையின் படம் எப்படி இருக்கிறது என்பதில்தான் அந்த இடம் சொல்லிக்கொடுக்கும் தரம் தெரியும். கற்பிப்பவர் கடைசியாக வேலை செய்த படம் எது, எந்த வருடம் என்று கேட்பதும் மரியாதைக் குறைவு இல்லை. எடுத்த படத்தின் உரிமை மாணவருக்கா, நிறுவனத்துக்கா என்றும் கேளுங்கள், பிறகு ஒரு விழாவுக்கு அனுப்பும்போது அது பெரிய விஷயமாகும்.

காசு விஷயத்தில் மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்: பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், உபகரணக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால் கட்டணத்தில் ஒரு பகுதி பவுணிலோ டொலரிலோ இருக்கும், அந்த வரியை விரல் வைத்து வாசியுங்கள். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் 360 வரை போனது, பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகளின் தவணை அப்படியே வீங்கியது. சான்றிதழ் பற்றியும் நேராகக் கேளுங்கள்: பட்டம் என்றால் எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது, அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா, டிப்ளோமா என்றால் தேசிய தொழில் தகைமையில் எந்த மட்டம். "எல்லாம் சரியா இருக்கு" என்று வாயால் சொன்னால் போதாது. இடையில் நின்றால் எவ்வளவு திரும்பத் தருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள், அந்தக் கேள்விக்கு அவர்களுடைய முகம் மாறும் விதமும் ஒரு பதில்தான்.

எல்லாத் தனியார் இடமும் மோசம் இல்லை, நல்ல ஆசிரியர்கள் இருக்கும் சின்ன இடங்களும் உண்டு. ஆனால் வட்டிக்கு எடுத்தோ நகையை அடகு வைத்தோ போகிற அளவுக்கு ஒரு ஒருவருட டிப்ளோமா பெறுமதியானது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அந்தக் காசில் பாதிக்கு ஒரு பாவித்த கமராவும் ஒரு நல்ல மைக்கும் வரும்.

அடுத்தது சென்னை. நம் வீடுகளில் சினிமா என்றாலே சென்னைதான், அது இயல்பு. தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் 1945ல் தொடங்கியது, ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் படித்த இடம். லயோலா கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் பட்டம் இருக்கிறது, சாலிகிராமத்தில் எல்.வி. பிரசாத் அகாடமி இருக்கிறது. இன்னும் மேலே போனால் 1960ல் தொடங்கிய பூனே திரைப்படப் பயிற்சி நிறுவனமும் கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் உள்ள நிறுவனமும். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த இயக்குநர் பாலு மகேந்திரா பூனேயில் ஒளிப்பதிவு படித்துத்தான் தொழிலுக்கு வந்தார் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் போவதற்கு முன் சில விஷயம். அரசாங்க நிறுவனங்களில் வெளிநாட்டவருக்கான தகுதி விதி தனியாக இருக்கும், கட்டணமும் அவர்களுடைய மாணவருக்குப் போலவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம், அந்த வருட விண்ணப்ப அறிவித்தலை எடுத்து வாசியுங்கள். மாணவர் விசாவுக்கு அங்கீகாரம் உள்ள நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். முழுநேரப் படிப்பைச் சுற்றுலா விசாவில் படிக்கலாம் என்று எந்த அகாடமியாவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். மாணவர் விசாவில் வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்ற கணக்கும் சரிவராது. படித்து முடித்த பிறகு அங்கேயே உதவி இயக்குநராகச் சேரலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், அதற்கு வேறு விசா, அதோடு தொழிற்சங்க அட்டை, இரண்டும் நமக்கு லேசில் கிடைப்பவை அல்ல. ஆகவே சென்னையில் படிப்பதாக இருந்தால், திரும்பி வந்து இங்கே வேலை செய்வதை மனதில் வைத்தே கணக்குப் போடுங்கள். இந்திய அரசின் பட்டப்படிப்புப் புலமைப்பரிசில்கள் உயர்ஸ்தானிகராலயம் வழியாக அறிவிக்கப்படும், அதில் உங்கள் பாடநெறி வருகிறதா என்று பார்த்துவிட்டே மற்றதை யோசியுங்கள்.

இன்னொரு பாதையை யாரும் சொல்வதில்லை. பூனேயின் மூன்று வருட இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப் படிப்புகளுக்கு முதலில் ஒரு பட்டம் வேண்டும், அது எந்தத் துறையிலும் இருக்கலாம். ஆகவே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழோ வரலாறோ புவியியலோ கிடைத்துவிட்டால் சினிமா போச்சு என்று அழ வேண்டாம். வீட்டுக்குக் கிட்டே, கட்டணம் இல்லாமல் ஒரு பட்டம், அந்தக் காலத்துக்குள் பக்கத்தில் இருந்தே ஐந்தாறு குறும்படம், இருபத்து நாலு வயதில் எதைப் படிக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்த ஒரு ஆள். பதினெட்டு வயதில் கடன் வாங்கி ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல். என் தங்கைக்கு நான் இதைத்தான் சொன்னேன்.

வீட்டில் பேசும்போது கனவைப் பற்றிப் பேசாதீர்கள், தாளை நீட்டுங்கள். இடத்தின் பெயர், முடிக்கும் படங்கள், மொத்தச் செலவு, மாதச் செலவு, முடித்ததும் கிடைக்கக்கூடிய வேலை, இவ்வளவும் ஒரே பக்கத்தில். வேலை என்ற இடத்தில் "இயக்குநர்" என்று எழுதாதீர்கள், தொலைக்காட்சிச் செய்திப் பிரிவு, விளம்பர எடிட்டிங், தொண்டு நிறுவன ஆவணப்படம், கலியாண வீடியோ என்று உள்ளதை எழுதுங்கள். அப்பாவுக்குச் சீட்டு எடுக்கவும் கடன் அடைக்கவும் தெரியும், எண்களைக் காட்டினால் நம்மைவிட நன்றாகவே யோசிப்பார். பெண் பிள்ளை என்றால் வீட்டில் பயம் வேறு மாதிரி இருக்கும், படப்பிடிப்பு இரவு எத்தனை மணிக்கு முடியும், எப்படித் திரும்பி வருவது, விடுதியில் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். அது நியாயமான பயம். அங்கே படிக்கும் ஒரு அக்காவோடு அம்மாவை நேராகப் பேச வையுங்கள், நாம் ஆயிரம் சொல்வதைவிட அது வேலை செய்யும்.

முடிவெடுக்க முடியாமல் இரண்டு இடம் சமமாக நின்றால், கையெழுத்துப் போடுவதை ஒரு கலியாண சீசனுக்குத் தள்ளிப்போடுங்கள். ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு ஸ்டூடியோவில் சம்பளம் பார்க்காமல் சேருங்கள். விடியக்காலை நாலு மணிக்கு லைட் தூக்குவது, தாலி கட்டும் நேரத்தைத் தவறவிடாமல் பிடிப்பது, எட்டு மணி நேரப் பதிவை நாற்பது நிமிடமாக வெட்டுவது, இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் முதல் வருடத்தில் வராது. மூன்று மாதத்துக்குப் பிறகு அதே இரண்டு இடங்களுக்கும் மறுபடி போய்ப் பாருங்கள், இந்த முறை நீங்கள் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்.

போகும்போது தனியாகப் போகாமல் கூட யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள், போனில் இருக்கும் உங்கள் மூன்று படத்தையும் அங்கே கற்பிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். முழுவதும் பார்த்துவிட்டு எங்கே பிழை என்று சொல்கிறவர் இருக்கும் இடத்தைப் பட்டியலில் மேலே கொண்டுவாருங்கள். முதல் நிமிடத்திலேயே போனைத் திருப்பித் தந்துவிட்டு விண்ணப்பப் படிவத்தை நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.